இல்லத்துத் தொட்டியில் மீனும் தவளையும்

பன்வில மலைச்சரிவிலுள்ள வீடுகள் பலவற்றின் பின்புறத்தே ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கும். பீலி நீர் அதில் வந்து விழும். மாரிகாலத்துக் காலைப்பொழுதில் அதன் உட்சுவரிலோ, அதன்மேற் கவிந்த கொய்யாக் கிளையிலோ, சவர்க்கார நுரை போன்ற வெண்பொதி ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். பலர் அதனை அழுக்கென்று எண்ணி விளக்குமாற்றாற் தட்டி விடுவர். அது மரத்தவளையின் கூடு.

முதுகில் மணற்கடிகை போன்ற குறியுடைய இத்தவளையை விலங்கியலார் பொலிபெடேற்றசு குறூசிகர் என்பர். இது இலங்கைக்கே உரியது. பெண் தவளை தான் வெளிவிடும் பாயத்தைப் பின்னங்கால்களாற் கடைந்து நுரையாக்கி, அதனுள்ளே முட்டையிடும். நுரையின் புறம் உலர்ந்து இறுகும். அகம் ஈரமாகவே இருக்கும். ஒரு வாரமளவில் தலைப்பிரட்டைகள் அதனின்றும் நழுவிக் கீழேயுள்ள நீரில் வீழும். நீருக்கு மேலே கூடு அமைவதால் முட்டைகள் மீனுக்குத் தப்புகின்றன. தலைப்பிரட்டைகளுக்கு அப்பாதுகாப்பு இல்லை.

இதனை யான் அறிந்தது நூலாலன்று; என் அறியாமையால். டெங்குக்கு அஞ்சித் தொட்டியில் ஒரு பிடி கப்பி மீன்களை விட்டிருந்தேன். கூடு ஒன்று மேலே தொங்குவதை என் மாணவர்க்குக் காட்டி, தவளையின் உருமாற்றத்தைக் கண்ணாரக் காண்பீர்கள் என்று வாக்குக் கொடுத்தேன். தலைப்பிரட்டைகள் வீழ்ந்த இரண்டாம் நாள் மாணவர் வந்தபோது ஒன்றேனும் எஞ்சவில்லை. கப்பிகளின் வயிறுகள் மட்டும் உப்பியிருந்தன.

மீனை அகற்றிவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். ஈடிசு நுளம்பின் குடம்பி, தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளுள் நுளம்பாகிப் பறந்துவிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அதற்கு வீட்டாரே பொறுப்பாளர். ஆகவே மீனும் வேண்டும், தவளையும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று காணலாகாது.

யான் கண்ட வழி, தொட்டியை ஒரு செங்கற் சுவரால் இரண்டாக்குதல். பீலி நீர் முதலில் தவளையறைக்கு வரும். அங்கிருந்து நுண்ணிய சல்லடை வழியே மீனறைக்குப் போகும். தவளையறையில் அரை அடி நீர் போதும். மரக்கிளை அவ்வறையின்மேற் கவிந்திருக்க வேண்டும். நீர் சிறிது ஓடிக்கொண்டே இருப்பதால் நுளம்பு அங்கு முட்டையிட விரும்பாது. எனினும் மூன்று நாளுக்கொருமுறை தேயிலை வடியால் குடம்பிகளை அள்ளிவிடுதல் நன்று. ஓரத்திலே கல்லடுக்கி நீருக்கு மேலே சரிவாக எழுப்புதல் இன்றியமையாதது. முன்னங்கால் தோன்றும் பருவத்தில் பூ மறைந்து நுரையீரல் தொழிற்படத் தொடங்கும். அப்பொழுது ஏறியிருக்க இடமின்றேல், நீரிற் பிறந்த உயிர் நீரிலேயே மூழ்கி இறக்கும்.

புதுச் சீமெந்து சுண்ணத்தை நீரில் விடும். அது மீனுக்கு நஞ்சு. மூன்று வாரமேனும் நீரை நிரப்பியும் இறைத்தும் பழக்க வேண்டும். வாழைத்தண்டுத் துண்டங்களை இட்டு ஊறவைப்பது எம் ஊர் வழக்கம். குழாய் நீராயின் குளோரீன் நீங்க ஓரிரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். இதன் பின்னரும் அவசரப்படலாகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனைக் கொல்வன. மூன்றாவது பெரிதும் தீங்கற்றது, நீர்த்தாவரங்களுக்கு உணவு. இப்பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். முதல் மாதத்தில் மூன்று நான்கு மீன்களே போதும். நாளுக்கு நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவோர் தம் மீனைத் தாமே கொல்கின்றனர்.

தேயிலை மலைக் கானில் வழிந்துவரும் நீரைத் தொட்டிக்குத் திருப்பலாகாது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர், மேற்சொன்ன மரத்தவளையின் தலைப்பிரட்டைகளைக் களைகொல்லியும் பூச்சிகொல்லியும் கலந்த நீரில் வளர்த்துப் பார்த்தனர். பல இறந்தன, பிழைத்தவற்றுட் பல ஊனமுற்றன. நன்னீர் நத்தையில் வாழும் ஒட்டுண்ணிப் புழுவின் இளவுயிரும் கால் ஊனத்தை விளைவிப்பதாக அவர்கள் கண்டனர். ஆதலின் வயலோரத்து நத்தையை அழகுக்கென்று கொணர்ந்து இடவேண்டாம்.

இனி, எம்மீனை வளர்ப்பது? தென்மேற்கு ஓடைகளுக்குரிய புலத் ஹப்பயா மிக அழகியது. வெற்றிலை மெல்வோன் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் தலைப்புறம் செக்கச் சிவந்துவிடும். 1929இல் தெரணியகல பெயரிட்ட லே தித்தயாவும் அத்தகையதே. இவை தொட்டிகளிற் பெருக்கப்பட்டு விற்பனையாகின்றன, அவற்றையே வாங்குக. ஹுலு கங்கையில் வலைவீசி எடுக்கவேண்டாம். நக்கிள்ஸ் மலைகளின் மறுபுறத்தே, லக்கலப் பகுதிக் களு கங்கையில் வாழும் இழைமீன் ஒன்று 1985இலேதான் புதிய இனமெனப் பெயரிடப்பட்டது. அத்துணைச் சிறு பரப்பில் வாழ்வதற்குச் சில வலைகளே போதும், இல்லாதொழிய. தொட்டி மீனை ஆற்றில் விடுதலும் அவ்வாறே தீது. விடப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று தீவின் பல நீர்நிலைகளிற் பெருகிவிட்டது.

தவளையை மட்டும் வாங்கவும் பிடிக்கவும் வேண்டா. உள்நாட்டுத் தவளையினங்களிற் பெரும்பாலானவை சட்டத்தாற் காக்கப்படுவன. அன்றியும், நம் மலைத்தவளைகள் யாவும் தொட்டிக்கு உடன்படுவன அல்ல. புதர்த்தவளைகள் ஈரமண்ணில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமின்றி முட்டையிலிருந்தே சிறு தவளை வெளிவரும். கீர்த்திசிங்க 1946இல் விவரித்த நக்கிள்ஸ் பாறைத்தவளையின் தலைப்பிரட்டையோ, நீர் கசியும் பாறையின்மேற் தட்டையாக ஒட்டி ஊர்ந்து வளரும்.

சென்ற மாரியில் என் தொட்டியின் மேல் இரண்டு கூடுகள் அமைந்தன. ஒன்று தவளையறைக்கு நேரே. அதன் குஞ்சுகள் கல்லேறி வாழைத் தோட்டத்துட் சென்றதை மாணவர் இருந்து பார்த்தனர். மற்றையது மீனறைச் சுவரிலே. அதன் கீழே ஒரு வாயகன்ற சட்டியைக் கம்பியிற் கட்டித் தொங்கவிட்டு, நாள்தோறும் மாலையில் தலைப்பிரட்டைகளை இப்புறம் மாற்றினோம்.