ஸ்டுடியோ கதவு லேசாகத் திறந்திருக்கு... உள்ளே லாரின் ஹில்!

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வாருங்கள். ஊர், ஜமைக்காவின் கிங்ஸ்டன். இடம், பாப் மார்லியின் ‘டஃப் காங்’ ஸ்டுடியோ. அதோ, பக்கத்து அறையில் மார்லி வீட்டுப் பேரப்பிள்ளைகள் கும்பலாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் லாரின் ஹில்! அவர் ஒரு வரி பாட, வரியின் கடைசிச் சொல்லைப் பிள்ளைகள் திரும்பக் கத்த... அட, ‘லாஸ்ட் ஒன்ஸ்’ பாட்டு நம் கண்ணெதிரிலேயே பிறக்கிறது!

யார் இந்த லாரின்? ‘ஃபியூஜீஸ்’ ஹிப்ஹாப் குழுவின் மூவரில் ஒருவர். 1996-ல் வந்த அவர்களின் ‘தி ஸ்கோர்’ ஆல்பம் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அந்த உச்சத்திலேயே குழுவில் விரிசல். அடுத்த வருடம் தாய்மை. பாப் மார்லியின் மகன் ரோஹனுக்கும் இவருக்கும் பிறந்த குழந்தைதான் ஸையன். வயிற்றில் பிள்ளையைச் சுமந்த மாதங்களில் இவரது தனி ஆல்பத்துக்கான பாட்டுகள் ஊற்றாகக் கொட்டின. மகனுக்காகவே ஒரு பாட்டு. அதற்குக் கிட்டார் வாசித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் கார்லோஸ் சந்தானா!

இன்னும் கேளுங்கள். ‘எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்’ பாட்டில் பியானோ வாசிக்கும் அந்தக் கல்லூரி மாணவர் பின்னாளில் பிரபல பாடகர் ஜான் லெஜெண்ட் ஆகிவிட்டார்! அந்த ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே பிள்ளைகளிடம் ‘காதல் என்றால் என்ன?’ என்று வகுப்பெடுக்கும் வாத்தியார் ராஸ் பராகா, 2014-ல் நியூவார்க் நகர மேயரே ஆனார்! அந்த வகுப்பறை எங்கே என்கிறீர்களா? நியூஜெர்ஸியில் லாரினின் வீட்டுக்குள்!

குரலைக் கருவிகளால் வழவழப்பாக்குவது லாரினுக்கு ஆகாது. பழைய சோல் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது அது. சொரசொரப்பு, கரகரப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். அதனால்தான் இன்றும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கிறது.

1998 ஆகஸ்ட் 25. ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ என்ற அந்த ஆல்பம் வெளியானது. அமெரிக்காவில் முதல் வாரமே 4 லட்சத்துக்கும் மேல் விற்பனை! அடுத்த பிப்ரவரியில் 10 கிராமி பரிந்துரைகள், 5 விருதுகள். ஒரே இரவில் 5 கிராமி வாங்கிய முதல் பெண் இவர்தான். ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருது முதல்முறையாக ஒரு ஹிப்ஹாப் ஆல்பத்துக்குப் போனதும் அன்றுதான். அப்போது அவருக்கு வயது 23!

கேட்கப் போகிறீர்களா? கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சிடி அட்டையில் பெயர்கூடப் போடாமல் ஒளித்துவைத்த பாட்டு ஒன்று வரும்: ‘கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ’. ஒளித்துவைத்த அந்தப் பாட்டுக்கும் ஒரு கிராமி பரிந்துரை கிடைத்தது!