மிளகாயில் 'முரணை': இலை மேலே மடங்குகிறதா, கீழே மடங்குகிறதா?

மிளகாய்ச் செடியில் கொழுந்து இலைகள் சுருண்டு, செடி வளராமல் நின்றுவிட்டால் அதனை விவசாயிகள் 'முரணை' என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர். பெயர் ஒன்றாயினும் காரணம் ஒன்றல்ல. இலைப்பேன், சிலந்தி, வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி ஆகிய மூன்றும் மிளகாய் இலையைச் சுருட்டக் கூடியவை. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதில்லை. சில சமயம் பெருக்கியும் விடுகிறது. மூன்று முறை மருந்தடித்தும் முரணை தீரவில்லை என்று கூறப்படும் தோட்டங்கள் பலவற்றில் நடப்பது இதுவே.

ஆகவே தெளிப்பானைத் தோளில் ஏற்றும் முன் இலையைப் பார்ப்பது அவசியம். காலை வேளையில் பார்க்க வேண்டும். ஈரம் குறைந்த நிலத்தில் செடி உச்சி வெயிலில் இலையை மடக்கி, மாலையில் நிமிர்த்திக் கொள்ளும். அது நோயன்று, தண்ணீர்த் தேவையே.

இலைப்பேன்

இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடங்கி, இலை தோணி போலக் காணப்பட்டால் அது இலைப்பேன் தாக்குதலாகும். இலையின் அடியில் நடு நரம்பை ஒட்டிப் பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். கொழுந்தைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்துத் தட்டினால், வைக்கோல் நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சிகள் ஓடுவதைக் காணலாம். வறண்ட வெயில் இவற்றுக்கு ஏற்றது. பருவமழையை நம்பி மானாவாரியில் மிளகாய் பயிரிடும் இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில், மழை ஓய்ந்து வெயில் ஏறும் தை, மாசி மாதங்களில் கவனமாக இருத்தல் வேண்டும்.

தாக்குதல் தொடக்க நிலையில் இருக்கும்போது வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு போதுமானது. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி 100 லிட்டராக்கிக் கொள்ளவும். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து மாலையில் தெளிக்கவும். மிஞ்சிய சாற்றை வைத்திருந்து அடிப்பதில் பயனில்லை. தாக்குதல் முற்றினால் ஸ்பைனோசாட் 45 எஸ்.சி. மருந்தை 10 லிட்டர் நீருக்கு 3.2 மில்லி வீதம் கலந்து தெளிக்கலாம். மிளகாயுடன் வெங்காயத்தைக் கலந்து பயிரிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இலைப்பேன் இரண்டு பயிர்களுக்கும் எதிரியாகையால் தொல்லை உள்ள நிலத்தில் அதனைத் தவிர்த்தல் நலம்.

2021ஆம் ஆண்டில் ஆந்திரம், தெலுங்கானா மாநிலங்களில் மிளகாயைப் பெருமளவில் தாக்கிய இலைப்பேன் வேறு வகையைச் சேர்ந்தது. கருநிறமான அது பூக்களில் கூட்டமாகத் தங்கிப் பூவை உதிரச் செய்யும். எனவே கொழுந்தைத் தட்டும்போது இரண்டு பூக்களையும் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

முரணைச் சிலந்தி

இலை ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இலை கவிழ்த்த தோணி போல இருந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தியின் வேலை. இலைக்காம்பு எலிவால் போல நீண்டுவிடும். இலை கரும்பச்சையாகத் தடித்து, தொட்டால் ஒடியும். இச்சிலந்தியின் நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவே. வெறும் கண்ணுக்குப் புலப்படாது. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டும். வெள்ளை ஈயின் கால்களைப் பற்றிக் கொண்டு இது செடிவிட்டுச் செடி செல்லும்.

விவசாயிகள் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்குப் பூச்சி தெரியாததால், கைவசம் இருக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை அடித்துப் பார்க்கின்றனர். இவை முரணைச் சிலந்தியை ஒடுக்குவதில்லை. அதனைத் தின்று வாழும் நன்மை செய்யும் சிலந்திகளைத்தான் கொல்லும். தின்பவை ஒழிந்த வயலில் முரணைச் சிலந்தி தடையின்றிப் பெருகும். ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், இரண்டாம் முறை மருந்தடிப்பதற்குள் வயல் முழுவதும் பரவியிருக்கும். கடனுக்கு வாங்கிய மருந்தே மகசூலைக் கெடுத்துவிடும் நிலை இது.

இதற்கு நனையும் கந்தகம் 80 சதத்தை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். விலையும் குறைவு. சிலந்தி கொழுந்தின் அடிப்புறத்தில் இருப்பதால் தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடிக்க வேண்டும். கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வார இடைவெளி தேவை.

நச்சுயிரி நோய்

இலைகள் மிகச் சிறுத்து, நரம்புகள் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, செடி குத்துச் செடியாக நின்றால் அது நச்சுயிரி நோய். இதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது. அத்தகைய செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்துதல் வேண்டும். பிடுங்க மனம் வராமல் விட்டு வைக்கும் செடியிலிருந்து வெள்ளை ஈ அடுத்த செடிக்கு நோயைக் கொண்டு செல்லும். நாற்றங்காலை நைலான் வலையால் மூடுவதும், நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைப்பதும் பயன் தரும்.

பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. வரப்போரச் செடிகள் மட்டும் ஒரே நாளில் இலை குறுகித் தண்டு முறுக்கிக் கொண்டன என்றால் பக்கத்து வயலை விசாரிக்க வேண்டும். மக்காச்சோளத்திற்கோ கரும்பிற்கோ அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவி மிளகாய்க்கு எடுத்தாலும் இதே பாதிப்பு வரும். அதற்கெனத் தனித் தெளிப்பான் வைத்துக் கொள்வதே பாதுகாப்பு.

மருந்தடித்த பின் பழைய இலைகள் நிமிராது. அவை சுருண்டபடியே இருப்பதைக் கண்டு மறுபடியும் மருந்தடிப்பது வீண் செலவு. பத்து நாள் கழித்துப் புதிதாக விடும் கொழுந்தைப் பார்க்க வேண்டும். அது விரிந்து தட்டையாக வந்தால் அதற்குமேல் தெளிப்புத் தேவையில்லை. மடங்கியே வந்தால், இலையின் ஓரம் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று மீண்டும் பார்த்த பின்னரே கடைக்குச் செல்லவும்.