பேஸ் பிரியர்களுக்கு ஏற்ற பெரிய ஹெட்போன் எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பென் டிரைவ், மவுஸ் பேடு எல்லாம் வாங்கி முடித்ததும் அடுத்துத் தேடுவது ஒரு நல்ல ஹெட்போனைத்தான். லேப்டாப்பில் உள்ள குட்டி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால் பாடகரின் குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும். ஆனால் அந்தத் 'தும்... தும்...' மட்டும் வராது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் குரலுக்குக் கீழே தன் பாட்டுக்குத் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகுமே பேஸ் கிட்டார், அது இருப்பதே தெரியாது.

'நல்ல பேஸ் உள்ள ஹெட்போன் எது?' என்று என்னைக் கேட்கும் நண்பர்கள் அதிகம். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர்தான், ஒலித்துறை நிபுணர் அல்ல. ஆனால் பள்ளி நாளிலிருந்தே பேஸ் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு என் காது ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பேஸ் என்பது எது?

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்கிறோம். நம் காது கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. இதில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதிதான் பேஸ். இதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. தியேட்டரில் வெடிச்சத்தம் வரும்போது நாற்காலி நடுங்குகிறதே, அது சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. இதை சப்-பேஸ் என்பார்கள். சாதாரண பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அதற்கு மேலே 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ளது டிரம்ஸின் 'தொம்' சத்தம். மலிவான ஹெட்போன்கள் பலவற்றில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்ற பெயரில் இந்த இரண்டாவது வகையை மட்டும் ஊதிப் பெரிதாக்கிவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் ஆஹா என்றிருக்கும். பிறகுதான் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போலத் தெரியும்!

அட்டைப் பெட்டியை நம்பாதீர்கள்

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் '20-20,000 ஹெர்ட்ஸ்', '50 மி.மீ. டிரைவர்' என்றெல்லாம் போட்டிருக்கும். முதல் எண்ணால் பயனே இல்லை. 20 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறது என்பதற்கும் அது காதுக்குக் கேட்கும் அளவுக்கு வருகிறது என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. டிரைவர் என்பது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். அதன் அளவை வைத்தும் பேஸை முடிவு செய்ய முடியாது. கீழே நான் ஒப்பிடும் ஹெட்போன்களில் 40 மி.மீ. டிரைவர் உள்ள ஒன்று, 45 மி.மீ. டிரைவர் உள்ள இன்னொன்றைவிட அதிக பேஸ் தருகிறது.

அப்படியானால் பேஸ் எங்கிருந்து வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து விட்டு அடித்தால் காற்று சும்மா வெளியே போய்விடும். விரலால் வாயை அடைத்துக்கொண்டு அடியுங்கள், விரலைத் தள்ளும் அழுத்தம் தெரியும். காதை முழுதாக மூடும் ஹெட்போனும் இப்படித்தான். டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்று கொஞ்சம்தான். அதனால் டிரைவர் சிறிது அசைந்தாலே அழுத்தம் ஏறி இறங்கும். அறையில் வைக்கும் ஸ்பீக்கர் பெரிய கூம்பை ஆட்டிச் செய்யும் வேலையை ஹெட்போன் இவ்வளவு சிறிய டிரைவரால் செய்வது இதனால்தான். ஆனால் குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விழுந்தால் போதும், பம்பின் வாயைத் திறந்துவிட்ட கதைதான். குரல் அப்படியே இருக்கும். பேஸ் மட்டும் ஓடிப்போய்விடும்.

இதைச் சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது இரு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு லேசாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால், இவ்வளவு நேரம் எங்கோ கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கடையில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

என் காதுக்கு நேர்ந்தது

இந்தச் சோதனை எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021-ல் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் ஒரு மலிவான ஹெட்போன் வைத்திருந்தேன். பக்கத்து மனையில் கட்டட வேலை. காலையிலிருந்து டிரில்லிங் மெஷின். எனக்கோ கண்ணாடி போடாமல் திரை தெரியாது. பேஸ் போதவில்லை என்று வால்யூமைக் கூட்டுவேன். டிரில்லிங் கேட்கிறது என்று இன்னும் கூட்டுவேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் இப்படி. ஒரு நாள் இரவு மின்சாரம் போய் ஃபேன் நின்றது. அறை அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா? என் இடது காதில் மட்டும் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. காலையிலும் நிற்கவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்துக் காதைப் பரிசோதித்தார். வந்த வரைபடத்தில் இடது காதுக் கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் போலக் கீழே இறங்கியிருந்தது. அதிகச் சத்தத்தால் காது கெடும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது இந்தப் பகுதிதானாம். நான் கேட்க ஆசைப்பட்டது 50 ஹெர்ட்ஸ், போனது 4,000 ஹெர்ட்ஸ்! மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் பள்ளம் பாதி நிரம்பியிருந்தது. மீதி அப்படியே இருக்கிறது. மின்சாரம் போனால் சில்வண்டும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கழற்றிவிட்டுக் கேட்டேன். அதே வால்யூமில் அவ்வளவு பேஸ்!

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் காதுக்குக் குறைந்த சத்தத்தில் பேஸ் சரியாகக் கேட்காது. 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபலில் வைத்தால், அதே அளவு சத்தமாகத் தோன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலியை 60 டெசிபலுக்கும் மேலே ஏற்ற வேண்டும். அதனால்தான் பேஸ் பிரியர்களின் கை வால்யூமை நோக்கியே போகிறது. ஆனால் வால்யூம் பேஸை மட்டும் ஏற்றுவதில்லையே, எல்லாவற்றையும் ஏற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே நான்கு மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

எனவே குறைந்த வால்யூமிலேயே போதிய பேஸ் தரும் ஹெட்போன்தான் பேஸ் பிரியருக்கு நல்ல ஹெட்போன். இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் நான்கையும் ஒப்பிட்டேன்.

நான்கு ஹெட்போன்கள்

ஒன்று என்னுடையது, மற்றவை அண்ணனிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கியவை. அதே கம்ப்யூட்டர், அதே பாடல்கள். ஒவ்வொன்றிலும் பாடகரின் குரல் ஒரே அளவு சத்தமாக இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொண்டேன். இது முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் 'நன்றாக இருக்கிறது' என்று காது ஏமாந்துவிடும். கடையில் ஒப்பிடும்போது நீங்களும் இதைச் செய்யுங்கள்.

அண்ணன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய சோனி எம்டிஆர்-எக்ஸ்பி500 முதலில். 2000-களின் இறுதியில் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. 40 மி.மீ. டிரைவர் என்று சொன்னேனே, அது இதுதான். குஷன் தலையணை மாதிரி தடிமன். என் கண்ணாடிக் காம்பு அதில் புதைந்தே போய்விட்டது, கசிவே இல்லை. பேஸ் வெள்ளம்! குத்துப் பாட்டுக்கு இதை அடிக்க முடியாது. ஆனால் குரல் பின்னால் போய்விடுகிறது, வீணையின் மினுமினுப்பு தெரியவில்லை. இளையராஜா பாடலில் பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்காமல் குழம்பாக வருகிறது. பேஸ் அதிகம் என்பதும் பேஸ் தெளிவு என்பதும் வேறு வேறு என்று எனக்குப் புரிய வைத்தது இந்த ஹெட்போன்தான்.

அடுத்து நான் வைத்திருக்கும் ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ். 2014-ல் வந்தது. 45 மி.மீ. டிரைவர், 38 ஓம். லேப்டாப், போன் எதில் செருகினாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. பேஸ் சற்றுத் தூக்கலாக, ஆனால் இறுக்கமாக இருக்கும். 'தொம்' என்று அடித்து உடனே நின்றுவிடும். குறை என்றால் காது வைக்கும் குழி கொஞ்சம் சிறியது. கண்ணாடி போட்டால் எனக்கு பேஸ் நன்றாகவே குறைகிறது. இப்போது மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறிவிட்டேன்.

மூன்றாவது ஜெர்மனியின் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. நான் கேட்டது 80 ஓம் வகை. பெட்டியில் 5 முதல் 35,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள், அதை விடுங்கள். நான்கில் சப்-பேஸ் அதிகமாகவும் ஆழமாகவும் உணர்ந்தது இதில்தான். வெல்வெட் போன்ற குஷன் கண்ணாடியோடும் உறுத்தவில்லை. ஆனால் 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகக் குத்துகின்றன. சத்தம் குறைவாக வைத்துக் கேட்டால் தொந்தரவில்லை. இதே மாடலில் 250 ஓம் வகையும் உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவசரப்பட்டு அதை எடுத்துவிடாதீர்கள். ஓம் கூடினால் ஓட்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டி வரலாம். 80 ஓம் வகைக்கு என் டெஸ்க்டாப்பின் பச்சை நிற ஜாக்கே போதுமானதாக இருந்தது.

நான்காவது சென்ஹைசர் ஹெச்டி 600. 1997-லிருந்து புகழ் குறையாமல் இருக்கும் மாடல். குரலுக்கு நான்கில் இதுதான் முதலிடம். ஆனால் 300 ஓம். அதைவிட முக்கியம், இது ஓபன் பேக் வகை. அதாவது வெளிப்பக்கம் மூடாமல் வலை போட்டிருக்கும். அதனால் சப்-பேஸ் தேய்ந்துவிடும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். டிரில்லிங் நடக்கும் தெருவில் பேஸ் பிரியர் வாங்க வேண்டியது இது அல்ல.

முதல் ஹெட்போன் வாங்குபவருக்கு என் ஓட்டு எம்50எக்ஸுக்கு. கண்ணாடி போடுபவர் என்றால் டிடி 770 ப்ரோ 80 ஓம்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்கிறீர்களா?

புதிது வாங்கத் தேவையில்லை. விண்டோஸுக்கு 'ஈக்வலைசர் ஏபிஓ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவும்போது ஒரு பட்டியல் வரும். உங்கள் ஹெட்போன் இணைந்திருக்கும் சாதனத்தை டிக் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அதில் 'லோ ஷெல்ஃப்' என்ற ஃபில்டரைச் சேர்த்து 100 ஹெர்ட்ஸ், 5 டெசிபல் என்று வையுங்கள். கூடவே 'ப்ரீஆம்ப்' என்ற இடத்தில் மைனஸ் 5 டெசிபல் வைக்க மறக்காதீர்கள். இதை விட்டுவிட்டால் பேஸ் வரும் இடங்களில் ஒலி கிழிந்து 'கரகர' என்று கேட்கும். 5 டெசிபல் போதாதா? 7 வரை போகலாம், அதற்கேற்ப ப்ரீஆம்பையும் இறக்குங்கள். இப்படிச் செய்தால் பேஸ் மட்டும் ஏறும், 4,000 ஹெர்ட்ஸ் ஏறாது.

'எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேஸ் வேண்டியிருக்கிறது?' என்று சங்கடப்படவும் வேண்டாம். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவைவிடக் கூடுதல் பேஸ் கேட்டவர்கள் 15 சதவீதம். குறைவாகக் கேட்டவர்கள் 21 சதவீதம். கூடுதல் கேட்டவர்களில் இளைஞர்களே அதிகம்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்று: பாட்டு நன்றாக இருந்தது, மீட்டிங் தொடங்கியதும் பேஸ் எல்லாம் போய் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிட்டது. ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. அதில் உள்ள மைக்கைக் கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்கியதும் பெரும்பாலான ஹெட்போன்கள் தரம் குறைந்த பேச்சு முறைக்கு மாறிவிடும். சவுண்ட் செட்டிங்ஸில் 'இன்புட்' பகுதியில் லேப்டாப்பின் மைக்கைத் தேர்வு செய்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக, குஷன். இரண்டு மூன்று வருடத்தில் அது அமுங்கி, தோல் உரிந்து, காற்று கசியத் தொடங்கும். பேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் நமக்குத் தெரியாது, வால்யூமைத்தான் ஏற்றுவோம். அண்ணனின் எக்ஸ்பி500 அப்படித்தான் பரண் மேல் கிடந்தது. ஆன்லைனில் ஒரு ஜோடி குஷன் வரவழைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டப் பத்து நிமிடம்தான் ஆனது. ஒப்பிட்டு முடித்துத் திருப்பிக் கொடுத்த அன்று வீட்டில் அண்ணி கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை.