மேட்டு நிலப் பயன்பாடும் தாழ்நில வெள்ளச் செலவும்: திருமுல்லைவாயில் – கொரட்டூர்

ஓர் ஏரித் தொடரின் மேல்பக்கத்தில் நிலம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறதோ, அதைப் பொறுத்துக் கீழ்ப்பக்கத்தில் வெள்ளச் சேதம் கூடும் அல்லது குறையும். சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், கொரட்டூர் ஆகிய ஊர்கள் இதற்குக் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு.

இப்பகுதியில் தரை பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கலைத் தாண்டிக் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்லும். திருமுல்லைவாயிலின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலபுராணம் கூறும். புதர்க்காடு மழையை மண்ணுக்குள் இறக்கியது. பின்னர் வந்த வயல்களில் வரப்பு கட்டிய ஒவ்வொரு பாத்தியும் ஒரு சிறு தொட்டியாக நீரைத் தேக்கியது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. தொடர்ந்து வீட்டு மனைகள் பெருகின. ஆயக்கட்டு மறைந்ததும் வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டிய தேவையும் பலருக்கு இல்லாமல் போயிற்று.

ஓடும் நீரின் கணக்கு

ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். மண் தரையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடுவதாகக் கொண்டால் 80,000 லிட்டர். அதே ஏக்கர் கூரையும் சிமெண்ட் தரையுமாக மாறி ஐந்தில் நான்கு பங்கு ஓடினால் 3,20,000 லிட்டர். அளவு நான்கு மடங்காவது மட்டுமல்ல, நீர் வந்து சேரும் நேரமும் குறைகிறது. பல மணி நேரத்தில் வர வேண்டியது ஒரே மூச்சில் வருவதால்தான் கால்வாய் தாங்குவதில்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2015 டிசம்பர் போல், நவம்பர் மழையிலேயே மண் ஊறிவிட்ட ஆண்டில் வயலும் நீரை வெளியேற்றவே செய்யும். நிலப் பயன்பாட்டின் விளைவு பெருமழையைவிட நடுத்தர மழைகளில்தான் தெளிவாகத் தெரியும். முன்பு கணுக்கால் நனைத்த மழை இப்போது வீட்டுக்குள் வருகிறது என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

செலவு யாருடையது?

மேட்டில் மனை விற்றவருக்கு விலை கிடைத்தது. வாங்கியவருக்கு வீடு கிடைத்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுவது, கழிவுநீர் கலந்த சம்பைக் கழுவுவது, நனைந்த மெத்தையை வீசுவது, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி ஆகியவை தாழ்வான தெருக்காரர் கணக்கில் சேர்கின்றன. பொருளியலில் இது புறவிளைவு எனப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நீர் புகுந்து சிறு தொழிற்கூடங்களின் இயந்திரங்கள் பழுதாயின. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ரூ.6,000 வழங்கியது. அது அரசு கருவூலத்தின், அதாவது எல்லோருடைய, பணம்.

2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்கிறது. ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதியில், பட்டா நிலத்தில், முறையான அனுமதியோடு கட்டுவது ஆக்கிரமிப்பு ஆகாது. மழைக்கு அந்த வேறுபாடு தெரியாது. நிர்வாக எல்லையும் ஒரு சிக்கல். அம்பத்தூரும் கொரட்டூரும் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் உள்ளன. திருமுல்லைவாயில் 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. ஒரு மாநகராட்சியில் எழும் கட்டடங்களின் நீருக்கு இன்னொன்று வடிகால் கட்ட வேண்டியுள்ளது. இரண்டுக்கும் பொதுவாகத் திட்டமிடும் அமைப்பு சி.எம்.டி.ஏ.தான்.

ஜப்பான் இதற்கென 2003-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட நகர்ப்புற ஆற்றுப் படுகைகளில் 1,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தை நீர் இறங்காதபடி மாற்றுபவர், கூடுதலாக ஓடும் நீரைத் தம் இடத்திலேயே தேக்கவோ மண்ணில் இறக்கவோ ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழகத்தில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு நிலத்தடி நீருக்காக வந்தது. ஒழுங்காகப் பராமரித்தால் அது இந்த வேலையையும் ஓரளவு செய்யும். திருமுல்லைவாயிலில் ஒரு கிரவுண்டு மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 22,000 லிட்டர், ஏறக்குறைய இரண்டு லாரித் தண்ணீர்.