பேஸ்பால் (1983 நிகழ்பட ஆட்டம்)

பேஸ்பால் என்பது ஜப்பானைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் உருவாக்கி வெளியிட்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். அடிபந்தாட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வாட்டம், 1983 ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று ஃபேமிலி கம்ப்யூட்டர் (சுருக்கமாக ஃபேமிகாம்) இயந்திரத்துக்காக ஜப்பானில் வெளியானது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இந்தியாவில் விற்கப்பட்ட தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிகள் பலவற்றில் இவ்வாட்டமும் இடம்பெற்றிருந்தது. கிரிக்கெட் மட்டுமே அறிந்த தமிழகச் சிறுவர் பலருக்கு அடிபந்தாட்டம் இதன் வழியாகவே முதலில் அறிமுகமாயிற்று.

வரலாறு

ஃபேமிகாம் இயந்திரம் 1983 சூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடிபந்தாட்டம் ஜப்பானில் மிகவும் விரும்பப்படும் விளையாட்டு என்பதால், அதே ஆண்டில் அதற்கென ஓர் ஆட்டம் வெளியிடப்பட்டது. டாங்கி காங், மாரியோ ஆகிய ஆட்டங்களால் புகழ்பெற்ற சிகெரு மியமோட்டோ இதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்கு வகித்தார். ஜப்பானில் மட்டும் இதன் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

1983 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நிகழ்பட ஆட்டச் சந்தை பெரும் சரிவைக் கண்டது. வணிகர்கள் இத்தகைய கருவிகளை வாங்கி வைக்கவே தயங்கினர். இந்நிலையில் 1985 அக்டோபரில் நின்டெண்டோ தனது இயந்திரத்தை என்.ஈ.எஸ். என்ற பெயரில் நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியபோது, உடன் வெளியான ஆட்டங்களுள் பேஸ்பாலும் ஒன்று. அமெரிக்கர் நன்கறிந்த விளையாட்டாக இருந்தமையால், புதிய கருவியை எளிதாக விளக்கிக் காட்ட இது உதவியது. 1989 இல் கேம்பாய் கையடக்கக் கருவிக்கும் இதே பெயரில் ஓர் ஆட்டம் வெளிவந்தது. அதில் மாரியோ, லூயிகி ஆகிய கதைமாந்தர்கள் பந்து வீசுபவர்களாக இடம்பெற்றனர்.

ஆட்டமுறை

ஒருவர் கணினிக்கு எதிராகவோ இருவர் ஒருவருக்கொருவர் எதிராகவோ விளையாடலாம். ஆறு அணிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அணிகள் ஆங்கில எழுத்துகளால் மட்டுமே குறிக்கப்படுகின்றன. ஜப்பானியப் பதிப்பில் இவ்வெழுத்துகள் அந்நாட்டின் சென்ட்ரல் லீக் அணிகளைக் குறிப்பால் உணர்த்துகின்றன. அணிகளின் சீருடை நிறம் வேறுபட்டாலும் திறனில் வேறுபாடு இல்லை.

பந்து வீசுபவர் திசைப் பொத்தானையும் ஏ பொத்தானையும் பயன்படுத்தி வேகமாகவோ, மெதுவாகவோ, இருபுறமும் வளையுமாறோ வீசலாம். பந்து அடிக்கப்பட்டதும் களத்தடுப்பாளர்கள் தாமாகவே ஓடிப் பந்தை எடுப்பர். ஆடுபவரால் அவர்களை நகர்த்த இயலாது. பந்தை எத்தளத்துக்கு எறிவது என்பது மட்டுமே அவர் கையில் உள்ளது. வலப் பொத்தான் முதல் தளத்தையும், மேல் பொத்தான் இரண்டாம் தளத்தையும், இடப் பொத்தான் மூன்றாம் தளத்தையும், கீழ்ப் பொத்தான் தொடக்கத் தளத்தையும் குறிக்கும். திடலின் சாய்சதுர வடிவமும் திசைப் பொத்தானின் சிலுவை வடிவமும் இவ்வாறு பொருந்துவதால் கட்டுப்பாட்டை விரைவில் கற்றுக்கொள்ளலாம். களத்தடுப்பாளர்கள் மெதுவாக நகர்வது இவ்வாட்டத்தின் குறையாகக் கூறப்படுகிறது.

கிரிக்கெட்டுடன் ஒப்பீடு

கிரிக்கெட் அறிந்தவர் இவ்வாட்டத்தை முதன்முறை ஆடும்போது சில விதிகள் குழப்பம் தரக்கூடும். அவை பின்வருமாறு:

கிரிக்கெட்டில் பந்தை எத்திசையிலும் அடிக்கலாம். அடிபந்தாட்டத்தில் தொடக்கத் தளத்திலிருந்து விரியும் இரு கோடுகளுக்கு இடையே அடித்தால் மட்டுமே அது செல்லும். வெளியே சென்றால் ஃபவுல் எனப்படும்.

கிரிக்கெட்டில் பந்தை அடித்த பின் ஓடாமல் நிற்கலாம். இங்கு செல்லத்தக்க அடி அடித்தவர் ஓடியே ஆகவேண்டும்.

மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் ஆட்டமிழப்பார். ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வரும் பந்துகளை அடிக்க முயலாமல் விட்டு, அவை நான்கு ஆனால், அவர் முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம்.

மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடிந்து எதிரணி மட்டைபிடிக்கும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ் நடைபெறும்.

அடிக்கப்பட்ட பந்து நிலத்தில் படுமுன் பிடிக்கப்பட்டால் ஆட்டமிழப்பு என்பது இரண்டுக்கும் பொதுவானது.

இந்தியாவில்

ஃபேமிகாமைப் போலச் செய்யப்பட்ட கருவிகள் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் இந்தியாவில் விற்கப்பட்டன. இவற்றில் செருகப்படும் கேட்ரிட்ஜ்களை மக்கள் பொதுவாகக் கேசட் என்றே அழைத்தனர். இவற்றுள் பல, ஒரே பெட்டியில் பல ஆட்டங்களை அடக்கியவை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தாலும், சில ஆட்டங்களே பெயர் மாற்றப்பட்டுத் திரும்பத் திரும்ப வருவது வழக்கம்.

இத்தொகுப்புகளில் பேஸ்பால் அடிக்கடி இடம்பெற்றதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. இதன் நிரல் 16 கிலோபைட்டும் படங்கள் 8 கிலோபைட்டும் ஆக மொத்தம் 24 கிலோபைட்டு மட்டுமே. பிற்கால ஆட்டங்களைப் போல நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றித்தரும் கூடுதல் சில்லும் இதற்குத் தேவையில்லை. எனவே இத்தகைய தொடக்ககால ஆட்டங்கள் பலவற்றை ஒரே சில்லில் மலிவாகப் படியெடுக்க முடிந்தது. இப்படிகள் பெரும்பாலும் உரிமம் பெறாதவை என்பதால் உருவாக்கியவர்களுக்கு வருவாய் எதுவும் செல்லவில்லை. ஆட்டத்துக்கான விளக்கக் கையேடும் உடன் வரவில்லை. ஆகவே விதிகளைத் தோற்றுத் தோற்றே கற்கவேண்டியிருந்தது.

அடிபந்தாட்டப் பந்தின் மேலுறையும் கையுறையும் மரபாகத் தோலால் செய்யப்படுபவை. எனினும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரத்திலும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, தெருக்களில் ஆடப்படுவது கிரிக்கெட்டே ஆகும். என்.ஈ.எஸ். இயந்திரத்துக்கென இன்டர்நேஷனல் கிரிக்கெட் என்ற ஆட்டம் 1992 இல் ஆஸ்திரேலியாவில் வெளியானது. மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம் வேண்டியோருக்கு இந்தியத் தொகுப்புகளில் எளிதில் கிடைத்தது பேஸ்பாலே.

தாக்கம்

நாம்கோ நிறுவனம் 1986 டிசம்பரில் வெளியிட்ட ஃபேமிலி ஸ்டேடியம் இவ்வகையை மேலும் வளர்த்தது. அதன் அமெரிக்க வடிவமான ஆர்.பி.ஐ. பேஸ்பால், உண்மையான வீரர்களின் பெயர்களைக் கொண்டிருந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான இணையச் சேவை 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோது அளிக்கப்பட்ட பழைய ஆட்டங்களுள் பேஸ்பாலும் இடம்பெற்றது.