சாம்பாரில் கலக்கக் கூடாத மாத்திரை

"அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கிற மாதிரி ஏதாவது மருந்து இருக்கா டாக்டர்?"

குடிநோயாளியின் மனைவி கேட்கும் கேள்வி இது. அந்த வேதனை நியாயமானது. ஆனாலும் தயவுசெய்து கலந்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

இப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிரம். ரப்பர் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள். 1940களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் இருவரும் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கியும் பார்த்தார்கள். அதன்பின் மதுவைத் தொட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடியை நிறுத்த ஒரு மருந்து அப்படித்தான் கிடைத்தது.

உள்ளே போன ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக்கி, பிறகு அந்த நச்சையும் முறிக்கிறது. இந்த இரண்டாவது வேலையை மாத்திரை தடுத்துவிடும். நச்சு ரத்தத்தில் ஏற ஏற முகம் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். அதனால்தான் கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் இதைத் தொடக்கூடாது என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை அதன் வேலை தீராது. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகூட ஆபத்து. இதில் எதுவுமே தெரியாமல் ஒரு மனிதர் சாயங்காலம் டாஸ்மாக்கில் நின்றால் என்ன ஆகும்?

தெரிந்தே, சம்மதித்து, மனைவியோ அம்மாவோ பார்க்க தினமும் காலையில் விழுங்குகிறவருக்கு இதே மாத்திரை நல்ல துணை. இன்றைக்குக் குடிக்கலாமா என்ற மனப்போராட்டம் அப்போதே முடிந்துவிடும். கல்லீரல் பரிசோதனை மட்டும் தவறக்கூடாது.

பயமுறுத்தாத மருந்துகளும் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போவதுதான் எனக்கு ஆற்றாமை. நால்ட்ரெக்சோன், குடி தரும் கிளர்ச்சியை மூளையில் மங்கச் செய்கிறது. ஒரு கிளாஸிலிருந்து நாலுக்குப் போகிற வேகம் குறையும். அமெரிக்கா 1994இல் இதைக் குடிநோய்க்கு அங்கீகரித்தது. அகாம்ப்ரோசேட், குடியை விட்ட பிறகு வரும் தவிப்பைத் தணிக்க உதவுகிறது. யாருக்கு எது என்பதைக் கல்லீரல், சிறுநீரக நிலை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாள்பட்டுக் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்த வைப்பதும் ஆபத்துதான். கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். முதல் சில நாட்கள் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். தயாமின் சத்தும் தருவார்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் கேளுங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் பேசலாம்.