வட்டியில் எஞ்சுவது எவ்வளவு?

ஓய்வுக்காலத்துக்காக வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் போடுபவர் முதலில் பார்ப்பது ரசீதில் அச்சிட்டிருக்கும் வட்டி விகிதத்தைத்தான் என்றாலும், அந்த வட்டியில் வருமான வரிக்கும் விலைவாசி உயர்வுக்கும் போனது போக எஞ்சுவதே அவருடைய உண்மையான வருவாய் ஆகும்.

ஒரு லட்சம் ரூபாய் 7 சதவீத வட்டிக்குப் போடப்பட்டு, போட்டவர் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், ஆண்டு வட்டியான 7,000 ரூபாயில் 4 சதவீத செஸ் உட்பட 1,456 ரூபாய் வரியாகப் போய்விட, 5,544 ரூபாய் மிஞ்சும். அதே ஆண்டில் விலைவாசி 5 சதவீதம் ஏறினால், ஒரு லட்சத்துக்கு வாங்கிய பொருள்களையே மீண்டும் வாங்க 1,05,000 ரூபாய் தேவைப்படும் என்பதால், உண்மையில் கூடியது 544 ரூபாய் மட்டுமே. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கோ கையில் நிற்பது 4,816 ரூபாய்தான் என்பதால், கணக்கில் தொகை ஏறியும் அதன் வாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. விலை உயர்வைக் கழித்தபின் நிற்கும் இந்த வட்டியையே பொருளியலார் மெய் வட்டி என்கின்றனர். வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்ததோடு வரி முடிந்துவிட்டது என்று கருதுவதும் தவறு. அது முன்கூட்டிப் பிடிக்கப்படும் ஒரு பகுதியே அன்றி முழு வரி அன்று.

1968-ல் தொடங்கப்பட்ட பொது வருங்கால வைப்பு நிதியின் (பி.பி.எஃப்.) சிறப்பு இங்குதான் புலப்படுகிறது. 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைக்கப்பட்ட அதன் வட்டிக்கு வரியே கிடையாது. புதிய வரி முறையில் இதில் போடும் பணத்துக்குக் கழிவு இல்லாவிட்டாலும் வட்டிக்கான விலக்கு தொடர்வதால், கழிவு போனதற்காகவே இக்கணக்கைக் கைவிடுவது சேமிப்பின் நோக்கத்தையே மறப்பதாகும். மாதத்தின் 5-ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி கணக்கிடப்படுவதால், ஆண்டு உச்சவரம்பான 1,50,000 ரூபாயை ஏப்ரல் 5-க்குள் செலுத்தாமல் மறுநாள் செலுத்துபவர் 887 ரூபாய் 50 காசை இழக்கிறார்.

சம்பளக்காரர்களின் நிலை வேறு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் பெறும் ஊழியரிடம் 12 சதவீதமாக 1,800 ரூபாய் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்காக (பி.எஃப்.) பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் 1,800 ரூபாய் செலுத்தினாலும், அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, 550 ரூபாயே அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்கிறது. வேலை மாறும்போது இப்பணத்தை எடுத்துச் செலவழிப்பது மிகப் பெரிய இழப்பு. தொடர்ச்சியாக ஐந்தாண்டுப் பணி நிறைவதற்குள் எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு. 33 வயதில் ஒரு லட்சத்தை எடுக்காமல் விட்டுவைத்தால், 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே நீடிக்கும் எனக் கொள்ளும்போது, கூட்டுவட்டியால் அது 58 வயதில் ஏறத்தாழ 7.25 லட்சமாகும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய மதிப்பில் அது 2.14 லட்சம்.

ஓய்வூதியத் திட்டத்துக்குப் போன 1,250 ரூபாயின் பயனும் இதே கணக்குக்கு உட்பட்டதே. 15,000 ரூபாய்ச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் விதிப்படி, 35 ஆண்டுகள் பங்களித்தவருக்குக் கிடைப்பது மாதம் 7,500 ரூபாய். விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தும் அகவிலைப்படி அத்திட்டத்தில் இல்லை.